சில்லில் ஒரு பாகை, எஞ்சினில் பதின்மூன்று: பழைய எம்.ஜி.பி. ஒன்றின் தட்டுச்சத்தக் கணக்கு

கிளச்சை விடும்போது பின்னால் ஒரு ‘டொக்’. அக்செலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்னொரு ‘டொக்’. திருகோணமலையின் உவர்மலை ஏற்றத்தில் கியரை இறக்கினால் அதே சத்தம் ‘டங்’ என்று கனக்கும். உட்துறைமுக வீதியில் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால் ஒன்றுமே கேட்காது.

பழைய பின்சில்லு இயக்கக் கார் வைத்திருப்பவர் கராஜில் போய் “பின்னால அடிக்குது” என்றால், பதில் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: குறோஸ் (யூனிவர்சல் ஜொயின்ட்) போய்விட்டது, டிஃபரன்ஷல் போய்விட்டது, கியர் பெட்டி போய்விட்டது. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கும் என்பதுதான் சிக்கல். எதில் எவ்வளவு என்று அளக்காமல் சாமான் வாங்கத் தொடங்கினால், சத்தம் நிற்பதற்கு முன்னே காசு முடிந்துவிடும். இந்தக் கணக்கு அந்த ‘எவ்வளவு’ பற்றியது.

கணக்குக்கு எடுத்துக்கொண்ட கார் எம்.ஜி.பி. இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கும் மேல் உற்பத்தியான ஸ்போர்ட்ஸ் கார். திருமலையில் பழைய ஆங்கிலக் கார் என்றாலே கடற்படைத் துரைமார் விட்டுப்போனது என்று சொல்லிவிடுவார்கள். எம்.ஜி.பி.க்கு அந்தக் கதை ஒத்துவராது. பிரித்தானியர் இங்கிருந்த கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தது 1957 ஒக்ரோபர் 15. முதல் எம்.ஜி.பி. வெளிவந்தது அதற்கு ஐந்து ஆண்டு கழித்து. ஆனால் இந்தக் காரின் 1798 சி.சி. எஞ்சின் நமக்குத் தூரத்து உறவு. இந்திய அம்பாசடரில் ஓடிய 1489 சி.சி. எஞ்சினும் அதே பி-வரிசைக் குடும்பம். பின்பக்க அமைப்போ மொரிஸ் மைனரைப் பிரித்துப் பூட்டிய எந்தக் கைக்கும் பழக்கமானதுதான்: நீண்ட ஷாஃப்ட், ஒரே துண்டாகிய பின் அச்சு, இலை ஸ்பிரிங்.

முதற் கணக்கு: பெருக்கல்

முதலில் நான்கு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்.

பின் அச்சு விகிதம்: 3.909. கிரவுன் வீலில் 43 பல், பினியனில் 11 பல். 43 ÷ 11 = 3.909.
முதல் கியர் விகிதம் (1967க்குப் பிந்திய கியர் பெட்டி): 3.44.
நான்காம் கியர்: 1.00.
சில்லு ஒரு சுற்றில் ஓடும் தூரம்: ஏறத்தாழ 1.88 மீற்றர்.

இரண்டு பின்சில்லுகளின் குடத்திலும் ஒவ்வொரு பாகை தளர்வு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியாத அளவு அது. ரயரின் விளிம்பில் 5.2 மில்லிமீற்றர்தான் வரும். அதே தளர்வு ஷாஃப்டில் 3.9 பாகை. முதல் கியரில் எஞ்சின் பக்கம் போய்ச் சேரும்போது 3.909 × 3.44 = 13.4 பாகை. ஒரு பக்கக் குடம் மட்டும் தளர்ந்திருந்தால் டிஃபரன்ஷல் அதைப் பாதியாகப் பங்கிடும், 6.7 பாகை.

அந்த 13.4 பாகையும் எஞ்சின் எதையும் இழுக்காமல் வெறுமனே சுற்றும். பிறகு தளர்வு முடியும் இடத்தில் எல்லாப் பற்களும் ஒரே நேரத்தில் முட்டும். காதில் விழுவது அந்த முட்டல். நான்காம் கியரில் அதே தளர்வு எஞ்சினுக்கு 3.9 பாகையாகத்தான் தெரியும். முதல் கியரில் உரக்கவும் நான்காம் கியரில் மெல்லவும் கேட்பதற்குக் காரணம் இந்தப் பெருக்கல். ஆகவே முதல் கியரில் சத்தம் பெரிது என்பதை வைத்துக் கியர் பெட்டியைக் கழற்றக் கூடாது.

முட்டலின் கனத்தையும் பார்த்துவிடலாம். எஞ்சினின் அதிகபட்ச முறுக்குவிசை 149 நியூட்டன் மீற்றர். முதல் கியரில் ஷாஃப்டுக்கு வருவது 513. பின் அச்சில் மொத்தம் சுமார் 2,000. ஒரு மீற்றர் நீளக் கம்பியின் நுனியில் 68 கிலோ எடையுள்ள மூன்று பேர் ஒன்றாக ஏறி நின்றால் வரும் முறுக்கு அது. கிளச்சை வெடுக்கென்று விடுகிறவர் அந்த மூன்று பேரையும் ஒவ்வொரு சந்தியிலும் குதிக்கவைக்கிறார்.

இரண்டாம் கணக்கு: எண்ணிக்கை

எதையும் கழற்றுமுன் கேட்க வேண்டிய கேள்வி: சத்தம் ஒற்றைத் தட்டா, தாளமா?

பாரம் மாறும்போது மட்டும் ஒருமுறை தட்டினால் அது தளர்வு. ஓட ஓடத் தட்டிக்கொண்டே வந்தால், சுற்றும் பாகம் ஒன்று தன் சுற்றுக்கு ஒருமுறை முறையிடுகிறது. எந்தப் பாகம் என்று கண்டுபிடிக்கக் கைக்கடிகாரம் போதும். முதல் கியரில் மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டிப் பத்துச் செக்கனுக்கு எண்ணினால்:

சில்லு: 15 சுற்று.
ஷாஃப்ட்: 58 சுற்று.
எஞ்சின்: 199 சுற்று.

பதினைந்து தட்டு வந்தால் சில்லோடு சேர்ந்து சுற்றும் சாமானைப் பாருங்கள்: பிறேக் டிரம், பெயாரிங், சில்லு நட், கம்பிச் சில்லாக இருந்தால் நடுவிலுள்ள பெரிய நட். ஐம்பத்தெட்டை வாய்விட்டு எண்ண முடியாது. ஒரு செக்கனுக்கு ஆறு என்று விரலால் மேசையில் தட்டிப் பழகிக்கொண்டு, அந்த வேகத்தோடு சத்தம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால் யூனிவர்சல் ஜொயின்ட் அல்லது பினியன். எஞ்சின் வேகத்தோடு ஒத்துப்போனால் கிளச்சை மிதித்து, எஞ்சினை மட்டும் அதே வேகத்தில் வைத்துப் பாருங்கள். அப்போதும் சத்தம் நீடித்தால் பின்பக்கத்துக்கு அதில் பங்கில்லை.

43க்கும் 11க்கும் பொது வகுஎண் கிடையாது. ஆகவே பினியனின் ஒரு பல்லும் கிரவுன் வீலின் ஒரு பல்லும் ஒருமுறை சந்தித்தால், மறுபடி சந்திக்கப் பினியன் 43 சுற்றும் சில்லு 11 சுற்றும் சுற்ற வேண்டும். தெருவில் அது 20.7 மீற்றர். இரண்டு பக்கமும் சிதைந்த பற்கள் இருந்தால், அவை நேருக்கு நேர் வரும் பலத்த தட்டு ஏறத்தாழ 21 மீற்றருக்கு ஒருமுறைதான் கேட்கும். எப்போதாவது ஒருமுறை அடிக்கிறது என்று சொல்லப்படும் சத்தத்துக்கும் இப்படி ஓர் ஒழுங்கு இருக்கக்கூடும்.

இந்தச் சோதனைக்குத் திருமலையில் வாய்ப்பான இடம் கிண்ணியாப் பாலம். 2009 ஒக்ரோபரில் திறக்கப்பட்டது, நீளம் 396 மீற்றர், நேராகவும் மட்டமாகவும் கிடக்கிறது. மணிக்கு 40 கிலோமீற்றரில் கடக்க 36 செக்கன். அதற்குள் சில்லு 211 தடவையும் ஷாஃப்ட் 823 தடவையும் சுற்றிவிடும். முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து, அக்செலரேட்டரை மெல்ல அழுத்தி மெல்ல விட்டு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தட்டு வருகிறதா என்று கேளுங்கள். பாலத்தின் இணைப்புகளில் ஏறும்போது மட்டும் தட்டினால் குற்றவாளி வேறு: ஸ்பிரிங் புஷ், சொக் அப்சோபரின் இணைப்பு, ஆடும் சைலன்சர்.

மூன்றாம் கணக்கு: சோதனைகள், செலவு குறைந்ததிலிருந்து

வரிசை முக்கியம். கையால் முடிவது முதலில், பெட்டி திறப்பது கடைசியில். கார் குழிமேல் அல்லது உறுதியான தாங்கிகள்மேல் நிற்க வேண்டும். ஏறத்தாழ ஒரு தொன் எடையை ஜாக்கியை மட்டும் நம்பி விட்டுக் கீழே படுப்பதைப் போல விலை கூடிய சிக்கனம் வேறில்லை.

1. பின்னால் கிடப்பவை. 1974 வரை வந்த எம்.ஜி.பி.யில் இருக்கைகளுக்குப் பின்னே 6 வோல்ற் பற்றரி இரண்டு, ஷாஃப்டின் இரு பக்கமும். பிடி தளர்ந்தால் கிளச்சை விடும்போது அவையும் தட்டும். ஜாக்கி, மேலதிக சில்லு, கருவிப்பை எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஒரு சுற்று ஓடிப் பாருங்கள். செலவு: பத்து நிமிடம்.

2. நட்டுகள். ஷாஃப்டின் ஒவ்வொரு நுனியிலும் 4 போல்ற், மொத்தம் 8. அச்சை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ-போல்ற் பக்கத்துக்கு 2, மொத்தம் 4, அவற்றுக்கு நட் 8. பதினாறு இடத்தில் ஸ்பானர் வைத்துப் பார்க்க அரை மணித்தியாலம். உப்புக் காற்றில் துரு ஏறிய நட் இறுக்கமாக இருப்பதுபோல நடிக்கும். கம்பித் தூரிகையால் துடைத்துவிட்டு இறுக்குங்கள்.

3. குறோஸ். யூனிவர்சல் ஜொயின்ட் 2, ஒவ்வொன்றிலும் ஊசி பெயாரிங் கிண்ணம் 4. ஒரு கையால் நுகத்தையும் மறுகையால் அடுத்த பக்கத்தையும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். இங்கே அனுமதிக்கப்பட்ட தளர்வு பூச்சியம். கண்ணுக்குத் தெரிந்தாலே மாற்ற வேண்டும். கிண்ணத்தைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் தூள் இருந்தால், கிறீஸ் போய் ஊசிகள் துருவாகின்றன என்று பொருள்.

4. டிஃபரன்ஷல் தளர்வு. பின் சில்லுகள் தரையில், முன்னும் பின்னும் கட்டை, கியர் நியூட்ரலில், ஹாண்ட்பிறேக் இழுத்தபடி. ஷாஃப்டில் 300 மில்லிமீற்றர் கம்பி ஒன்றைக் குறுக்கே கட்டி, நுனிக்கு நேரே ஓர் அட்டையை நிறுத்துங்கள். ஷாஃப்டை இருபுறமும் கையால் திருப்பி, நுனி நகரும் தூரத்தைக் குறியுங்கள். 5.2 மில்லிமீற்றருக்கு ஒரு பாகை.

5. குடத்தின் பல்வரி. கம்பிச் சில்லுள்ள கார்களுக்கு மட்டும். அதே அளவையை ஹாண்ட்பிறேக்கை விட்டுவிட்டு, கட்டை மட்டும் தாங்க மறுபடி எடுங்கள். ஹாண்ட்பிறேக் குடத்தைப் பிடிக்கிறது, கட்டை சில்லைப் பிடிக்கிறது. இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம், குடத்துக்கும் சில்லுக்கும் இடையிலுள்ள தளர்வு.

6. கியர் பெட்டி. நான்காம் கியரில் போட்டு, ஷாஃப்டின் முன்நுனி எவ்வளவு திரும்புகிறது என்று அதே கம்பியால் அளவுங்கள்.

ஒரு பக்கச் சில்லை மட்டும் தூக்கி, சில்லை ஆட்டிப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அப்படிச் செய்தால் டிஃபரன்ஷலின் இயல்பினால் எண் இரட்டிக்கும். ஷாஃப்டில் 10 பாகை என்பது சில்லில் 2.6 பாகைதான், ஆனால் ஒற்றைச் சில்லில் 5.1 ஆகத் தெரியும். ரயர் விளிம்பில் 27 மில்லிமீற்றர் ஆடுவதைக் கண்டு, அச்சே போய்விட்டது என்று முடிவுகட்டுவது அதனால்தான்.

நான்காம் கணக்கு: பங்கு பிரித்தல்

முறையைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டுக் காரை எடுப்போம். இந்த எண்கள் கணக்குக்காக வைத்தவை.

டிஃபரன்ஷலும் அக்சிலும்: கம்பி 73 மி.மீ. நகர்ந்தது, 14 பாகை.
குடத்தின் பல்வரி: கூடுதலாக 21 மி.மீ., 4 பாகை.
கியர் பெட்டி: 3 பாகை.
குறோஸ் இரண்டும்: 2 பாகை.
மொத்தம்: 23 பாகை. ரயர் விளிம்பில் 31 மி.மீ.

நூற்று வீதத்தில் 61, 17, 13, 9. கராஜில் முதலில் கைவைக்கப்படுவது குறோஸ். இந்தக் காரில் அதற்கு உரிய பங்கு 9 வீதம். இரண்டையும் புதிதாகப் போட்ட பிறகும் 91 வீதத் தளர்வு அப்படியே இருக்கும். “மாத்தியும் சரிவரேல்லை” என்று அடுத்த சாமானுக்குப் போவது இப்படித்தான்.

அதற்காகக் குறோஸை விட்டுவிடலாம் என்று கொள்ளக் கூடாது. சத்தத்தில் பங்கு ஒரு நிரல், ஆபத்து இன்னொரு நிரல். டிஃபரன்ஷலில் 14 பாகை தளர்வு பல ஆண்டு தட்டிக்கொண்டே ஓடலாம். குறோஸ் உடைந்தால் ஷாஃப்ட் நடுவீதியில் விழும். தளர்ந்த சில்லு நட்டும் அப்படியே. ஆகவே முதலில் ஆபத்து நிரலின்படி குறோஸ், நட்டுகள். அதன் பிறகுதான் சத்த நிரல்.

சத்த நிரலில் முதலிடம் டிஃபரன்ஷலுக்கு. ஆனால் டிஃபரன்ஷல் போய்விட்டது என்று கேட்டவுடன் கிரவுன் வீலையும் பினியனையும் நினைத்து மனம் கலங்கத் தேவையில்லை. அந்தப் பற்களுக்கு இடையே பொதுவாக ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு இடைவெளி இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஒயில் நிற்க இடமிராது. எம்.ஜி.பி.யில் தேய்வது பெரும்பாலும் உள்ளே இருக்கும் நான்கு வாஷர்கள்: பெரிய பக்கக் கியர்களுக்குப் பின்னால் 2, சிறிய கியர்களுக்குப் பின்னால் 2. அவை மெலிய மெலியக் கியர்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். அவற்றோடு சிறிய கியர்கள் சுற்றும் குறுக்கு ஊசியும் தேயும். விலையுயர்ந்த பற்கள் நன்றாகவே இருக்க, மெல்லிய வாஷர்கள் காரை அடிக்கவைக்கின்றன.

வேலை இது: அச்சின் பின்மூடியைத் திறந்து ஒயிலை வடித்து, அக்சில்களை வெளியே இழுத்து, குறுக்கு ஊசியைத் தட்டி எடுத்து, கியர்களைச் சுற்றி வெளியே கொண்டுவந்து வாஷரை மாற்ற வேண்டும். பின்மூடியுள்ள குழாய் வகை அச்சு 1965இல் கூரையுள்ள ஜி.டி.யிலும் 1967இல் திறந்த காரிலும் வந்தது. அதற்கு முந்திய அச்சில் டிஃபரன்ஷல் கூடையை முன்பக்கமாக முழுதாகக் கழற்ற வேண்டும். ஒயில், புதிய வகைக்கு 0.85 லீற்றர், பழையதற்கு 1.28 லீற்றர். வடித்த ஒயிலில் காந்தத்தைச் சுழற்றுங்கள். பசைபோல வரும் கரும்பொடி வயதின் அடையாளம். பல்லின் துண்டு வந்தால் கணக்கு வேறு, சமாதானம் சொல்ல முடியாது.

ஐந்தாம் கணக்கு: ரூபாவும் லீற்றரும்

எம்.ஜி.பி. சாமான் இலங்கைக்கு இறக்குமதி. ஒரு டொலர் 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபா, அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபா, 2025இல் 300 ரூபா அளவில். 40 டொலர் பொதியொன்று முறையே 8,000, 14,400, 12,000 ரூபா. தபாலும் தீர்வையும் வேறு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையிலிருந்த ஐந்து ஆண்டில் நாட்டில் ஓடிய ஒவ்வொரு பழைய காரும் விலையேறிய சொத்தாகியது. அப்படிப்பட்ட காரில் ஊகித்துச் சாமான் மாற்றுவது ஊகித்து நகை விற்பதுபோல.

சோதனை ஓட்டத்துக்கும் விலை உண்டு. நகரத்திலிருந்து கிண்ணியாவுக்குப் போய்வரச் சுமார் 40 கிலோமீற்றர். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் என்றால் 4 லீற்றர். 92 ஒக்ரேன் பெற்றோல் 2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபா: ஓட்டம் 708 ரூபா. 2022 ஜூன் கடைசியில் 470 ரூபா: 1,880. 2025 ஏப்ரலில் 299 ரூபா: 1,196. 2022 ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர்தான். ஒரு சோதனை ஓட்டம் வாரப் பங்கில் ஐந்திலொன்றை விழுங்கியிருக்கும்.

கிண்ணியாவுக்குப் போகும் வழியில் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் 99. 2022 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தங்களின்படி 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐ.ஓ.சி.க்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. அந்த ஒப்பந்தங்கள் கையெழுத்தாகி ஆறு மாதத்துக்குள், 99 தாங்கிக்குச் சொந்தமான ஊர் போத்தலோடு வரிசையில் நின்றது. அந்த நாட்களில் ஓட்டிப் பார்ப்போம் என்று சொன்னவர் யாருமில்லை. கம்பியும் அட்டையும் கொண்டு நின்ற இடத்தில் அளப்பதற்கு ஒரு துளி பெற்றோலும் செலவில்லை.

ஆறாம் கணக்கு: எங்கே நிறுத்துவது

எடுத்துக்காட்டுக் காருக்குத் திரும்புவோம். குறோஸ் இரண்டும் மாற்றியாயிற்று: 2 பாகை பூச்சியமாயிற்று. நான்கு வாஷரும் ஊசியும் மாற்றியதில் 14 பாகை 7 ஆனது என்று வைப்போம். குடத்தின் 4 பாகை, கியர் பெட்டியின் 3 பாகை அப்படியே. மொத்தம் 23இலிருந்து 14. 39 வீதக் குறைவு.

மிச்சத்தையும் எடுக்க முடியும். குடம், சில்லு, கியர் பெட்டி என்று போனால் இதுவரை செலவழித்ததைப் பலமடங்காக்கி, இன்னும் சில பாகை வாங்கலாம். பூச்சியம் மட்டும் வராது. பற்கள் உள்ள எந்தப் பொறிக்கும் பூச்சியம் கிடையாது. குடத்தின் பல்வரி கூர்ந்து தேய்ந்திருந்தால் பாதுகாப்புக்காக மாற்றுங்கள், கூராத பல்லாக இருந்தால் நட்டை முறையாக இறுக்கிக் கண்காணியுங்கள். கியர் பெட்டியின் 3 பாகையை விட்டுவிடுங்கள். கிளச்சை நிதானமாக விடும் கால் அந்த 3 பாகையை இலவசமாக மறைக்கும்.

செலவழித்ததைக் காப்பாற்றுவது கிறீஸ். பழைய கையேடு சொல்லும் இடைவெளி 4,800 கிலோமீற்றர். திருமலையிலிருந்து கொழும்புக்குப் போய்வர ஏறத்தாழ 520 என்றால், ஒன்பது தடவை. அதற்குள் ஷாஃப்ட் எத்தனை தடவை சுற்றும்? கிலோமீற்றருக்கு 2,079, ஆகவே 4,800க்கு ஏறத்தாழ ஒரு கோடி. எட்டுக் கிண்ணங்களுக்குள் இருக்கும் ஊசிகள் அந்த ஒரு கோடிச் சுற்றையும் ஒரு சிட்டிகை கிறீஸை நம்பித்தான் தாங்குகின்றன. நிலாவெளி மணலில் இறங்கிய காருக்கும், மாரி வெள்ளத்தில் அச்சு நனைந்த காருக்கும் 4,800 வரை காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக, ஹாண்ட்பிறேக் அளவையை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். வாஷர் மாற்றிய எடுத்துக்காட்டுக் காருக்கு அது 37 மில்லிமீற்றர். மாரி ஓய்ந்து தை பிறந்ததும் அதே கம்பியை அதே இடத்தில் கட்டி, அதே அட்டையை நிறுத்துங்கள். 42 ஆகியிருந்தால் ஒரு பாகை தேய்ந்திருக்கிறது, ஒயிலைப் பாருங்கள். 37ஆகவே இருந்து, சத்தம் மட்டும் கூடியிருந்தால் டிஃபரன்ஷலைத் திறக்காதீர்கள். நட்டுகள் பதினாறையும் மறுபடி எண்ணுங்கள்.